முதல் இரண்டு வருஷம் கார் வேண்டாம்

துபாய்க்கு வேலைக்கு வரும் பிள்ளைகள், இரண்டாவது சம்பளம் கையில் விழுந்ததும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அங்கிள், என்ன கார் எடுக்கலாம்?" நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. முதல் இரண்டு வருஷம் கார் வேண்டாம், தம்பி. லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது என்றைக்கும் கைகொடுக்கும். கார் பொறுத்திருக்கட்டும்.

சிக்கனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் விசா பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு. அதுவும் கம்பெனி கையில். கார் கடன் ஐந்து வருஷம் வரை ஓடும். விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே கையிலிருந்து கட்ட வேண்டும். இரண்டு வருஷ விசாவை வைத்துக்கொண்டு ஐந்து வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போடுவது என்றால் என்ன என்று நிதானமாக யோசியுங்கள். 2008 கடைசியில் பொருளாதாரம் சரிந்தபோது நான் இங்கேதான் இருந்தேன். வேலை போனவர்கள் விமான நிலையத்திலேயே காரை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிய செய்தி 2009இல் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. எத்தனை கார் என்பதில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். ஆனால் ஏன் விட்டுப் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பேங்க்கில் கொடுத்து வைத்த செக் திரும்பினால் போலீஸ் கேஸ், ஜெயில். 2022 ஜனவரியில் அந்தச் சட்டத்தைப் பெருமளவு தளர்த்திவிட்டார்கள். இருந்தாலும் கடன் பாக்கி நின்றால் பேங்க் கோர்ட்டுக்குப் போய் நீங்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை வாங்க இன்றைக்கும் வழி இருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வரும் ராத்திரியில் டிக்கெட் போட முடிகிறதா இல்லையா என்பதுதான் வெளிநாட்டுப் பிழைப்பில் முதல் சுதந்திரம். மற்ற வசதிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, கார் இல்லாமல் இந்த ஊரில் எப்படி வாழ்வது? இதற்கான விடையில் பாதி நீங்கள் பிடிக்கும் வீட்டிலேயே இருக்கிறது. ரூம் பார்க்கப் போகிறவர்கள் வாடகையைப் பார்ப்பார்கள், பாத்ரூமைப் பார்ப்பார்கள், எத்தனை பேர் பங்கு என்று கேட்பார்கள். பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்பவர் குறைவு. மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து அந்தக் கட்டிடத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். ஜனவரி மாதச் சாயங்காலத்தில் நடந்தால் எல்லா வீடும் பக்கம்தான். ஆகஸ்ட் மதியத்தில் எப்படி இருக்கும் என்று எண்ணி நடக்க வேண்டும். வழியில் நிழல் உண்டா, மணலில் இறங்க வேண்டுமா, பெரிய ரோட்டைக் கடக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். கராமாவிலும் பர்துபாயிலும் தேராவிலும் வாடகை கூடுதல்தான். ஆனால் இறங்கி நடந்தால் காய்கறி, டெய்லர், எக்ஸ்சேஞ்ச், டாக்டர், தோசை எல்லாம் அங்கேயே கிடைக்கும். இன்டர்நேஷனல் சிட்டியில் வாடகை குறைவு, ஆனால் மெட்ரோ இல்லை. மெட்ரோவின் நீலப் பாதை 2029இல் அங்கே வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை பஸ்தான். ஷார்ஜாவில் இருந்துகொண்டு துபாயில் வேலை என்றால், வாடகையில் மிச்சமாவதை ரோட்டில் நேரமாகக் கொடுத்துவிடுவீர்கள். எது பரவாயில்லை என்று அவரவர்தான் கணக்குப் போட வேண்டும். கணக்கில் நேரத்தையும் சேருங்கள் என்றுதான் நான் சொல்லுவேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் வந்தபோது மெட்ரோ இல்லை. சிவப்புப் பாதை 2009 செப்டம்பர் 9 அன்று திறந்தது. பச்சைப் பாதை சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே தேதியில். யூனியனிலும் பர்ஜுமானிலும் இரண்டும் சந்திக்கும். இந்த இரண்டு ஸ்டேஷன்களும் மனதில் பதிந்துவிட்டால் ஊர் பாதி புரிந்துவிடும். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே நோல் கார்டு. ஊரை ஏழு மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சாதாரண சில்வர் கார்டில் ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹம், இரண்டு மண்டலம் 5, அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் 7.50. மெட்ரோவிலிருந்து இறங்கி அரை மணிக்குள் பஸ் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகத்தான் கணக்காகும். புதிதாக வருபவர்கள் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் கார்டைத் தட்ட வேண்டும், மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடும். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள். கார்டில் பணம் இல்லாமல் ஏறி மாட்டினால் 200 திர்ஹம் அபராதம். மாதத் தொடக்கத்திலேயே கார்டை நிரப்பி வைத்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி உண்டு, பஸ்ஸில் முன்பக்க இருக்கைகள் உண்டு. பெண்களே ஓட்டும், கூரை ரோஸ் நிறத்தில் இருக்கும் டாக்ஸியும் உண்டு. கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக வருகிறவர்கள் இந்த ஊரில் நிறைய.

கார் இல்லாமல் வீட்டு வேலைகளை முடிக்கும் வித்தையை நான் பார்த்தது எங்கள் கட்டிடத்தில் இருந்த ஒரு நர்ஸ் பிள்ளையிடம். நாகர்கோவில் பக்கம். கராமாவில் இரண்டாவது மாடி. சனிக்கிழமை காலையில் வெயில் ஏறும் முன்பே கிளம்பிவிடுவாள். கையில் இரண்டு சக்கரம் வைத்த துணிப்பை, மடித்தால் கக்கத்தில் அடங்கும். முதலில் எக்ஸ்சேஞ்ச், ஊருக்குப் பணம். அதற்குக் கையில் கனம் இல்லை. பிறகு டெய்லரிடம் துணி கொடுப்பது. அப்புறம் பர்துபாய் துறையில் அப்ரா படகு ஏறி அக்கரைக்கு. 1 திர்ஹம்தான், நேராகப் படகோட்டியிடம் கொடுக்க வேண்டும். தேராவில் மிளகாய், மல்லி, பருப்பு. கடைசியில் வாட்டர்பிரண்ட் மார்க்கெட். பழைய தேரா மீன் மார்க்கெட்டை 2017இல் அங்கேதான் மாற்றினார்கள். நெய்மீனை அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து, வாரத்துக்கு வேண்டிய அளவுக்குப் பொட்டலமாகப் பிரித்து, மேலே ஐஸ் அள்ளிப் போடச் சொல்லுவாள். திரும்பும்போது மட்டும் டாக்ஸி. மீன் பையை வைத்துக்கொண்டு குளிரூட்டிய ரயில் பெட்டியில் நிற்பது பக்கத்தில் இருப்பவர்களுக்கு நல்லதில்லை. அந்த டாக்ஸியில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் இரண்டு பேரும் ஏறுவார்கள். வாடகையை மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள்.

அந்த வரிசையைக் கவனியுங்கள். லேசானது முதலில், கனமானது பிறகு, கெட்டுப்போவது எல்லாவற்றுக்கும் கடைசியில். போகும்போது பஸ், படகு. வரும்போது டாக்ஸி. கார் வைத்திருப்பவர் மறந்ததை வாங்க மறுபடி ஓடுவார். கார் இல்லாதவர் வாரம் முழுக்க ஒரு காகிதத்தில் எழுதி வைப்பார். எழுதி வைக்கும் பழக்கம் வந்த வீட்டில் வீண் செலவும் குறைந்துவிடுகிறது. இதை நான் பல குடும்பங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வாரநடுவில் ஒன்று தீர்ந்துபோனால் கீழே பக்காலா இருக்கிறது. மலையாளத்துக் காக்காமார் பலர் நடத்தும் அந்தச் சின்னக் கடைகள் இல்லாவிட்டால் எங்கள் தலைமுறை வளைகுடாவில் பிழைத்திருக்க முடியாது. போன் செய்தால் ஒரு பாக்கெட் தயிரும் இரண்டு வெங்காயமும் மேலே வரும். ஐந்து காலன் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். லிஃப்ட் பழுதான நாளில் படியேறியும் வருவார்கள். அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதக் கணக்கு எழுதிக்கொண்டால் சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. இப்போது எல்லாமே செல்போனில் தட்டினால் வாசலுக்கு வருகிறது. கார் இல்லாதவருக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நமக்கு வெயில் தாங்காது என்று உட்கார்ந்துகொண்டு, அதே வெயிலில் இன்னொருவரின் பிள்ளையைப் பைக்கில் வரச் சொல்லுகிறோம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இந்த நாட்டுச் சட்டமே இருக்கிறது. அந்த நேரம் உடம்புக்கு ஆகாது என்பதால்தான். அவசர மருந்து தவிர எதையும் அந்த நேரத்தில் வரவழைக்காதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு சொல்லுங்கள், அல்லது காலையிலேயே சொல்லி முடியுங்கள். வந்தவருக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒரு பாட்டில் கொடுங்கள். உங்கள் வேலைகளையும் அந்த நேரத்தைத் தவிர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இந்த ஊரில் காலை ஏழு மணியும் ராத்திரி எட்டு மணியும்தான் வெளிவேலைக்கு உகந்தவை. கடைகளையும் நேரம் கழித்துத்தான் பூட்டுகிறார்கள்.

ரோட்டைக் கண்ட இடத்தில் கடக்காதீர்கள். 400 திர்ஹம் அபராதம் என்பது சின்ன விஷயம், வண்டிகள் வரும் வேகம்தான் பெரிய விஷயம். ஷேக் ஜாயித் ரோடு போன்ற அகலமான சாலையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டத் தேவையே இல்லை. மெட்ரோ ஸ்டேஷன்களின் நடைபாலங்கள் இருபுறமும் இறங்குகின்றன, உள்ளே ஏசி. ரயில் ஏறாதவரும் காசில்லாமல் அதன் வழியே எதிர்ப்பக்கம் போகலாம். ஒரு ஸ்டேஷன் தூரம் நடந்தாலும் சரி, அந்த வழியாகவே போங்கள்.

மாதக் காசுக்கு வேலைக்கு ஏற்றிப் போகும் கார் லிஃப்ட் பற்றிக் கேட்பீர்கள். லைசென்ஸ் வாங்கி முறைப்படி வேன் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு போகலாம். சொந்தக் காரில் நாலு பேரை ஏற்றி மாதக் காசு வாங்குவது சட்டப்படி குற்றம். "எல்லாரும் போறாங்க" என்பார்கள். விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் கைவிரித்தால் ஆஸ்பத்திரிச் செலவை யார் தருவது? அபுதாபிக்கு அல் குபைபாவிலிருந்து 25 திர்ஹத்தில் அரசாங்க பஸ் ஓடுகிறது. ஷார்ஜாவுக்கும் நாள் முழுக்க பஸ் இருக்கிறது.

எந்த இடத்துக்கும் இரண்டு வழி தெரிந்து வைத்திருங்கள். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையைப் போலப் பதிவுகள் தொடங்கிய 75 வருஷத்தில் பெய்ததில்லை என்றார்கள். கார்கள் சாலையிலேயே மூழ்கின. மெட்ரோவிலும் சில ஸ்டேஷன்கள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த நாட்களில் தடுமாறாமல் வேலைக்குப் போனவர்கள் பஸ் நம்பர் தெரிந்தவர்களும், நடந்து பழகியவர்களும்தான்.

ஊருக்குக் கிளம்பும் நாள் மட்டும் தனிக் கணக்கு. டெர்மினல் 1, 3 இரண்டுக்கும் மெட்ரோ ஸ்டேஷன் உண்டு, டெர்மினல் 2க்குக் கிடையாது. டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மெட்ரோவில் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டிக்குத்தான் அனுமதி. பெரியது 81 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு அங்கே நிற்காதீர்கள். விடியற்காலை விமானம் என்றால் ரயிலே ஓடாது. ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும். அன்றைக்கு டாக்ஸிக்குக் கொடுக்கும் காசை வீண் என்று நினைக்க வேண்டாம். கார் வைத்திருந்தால் வருஷா வருஷம் இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், போகவர சாலிக் சுங்கம், பார்க்கிங் என்று கட்டியிருப்பீர்களே, அதில் நூறு டாக்ஸி வரும்.

கார் வாங்கவே கூடாதா என்றால், அப்படி இல்லை. குடும்பம் வந்து கைக்குழந்தை இருந்தால், வயதான பெற்றோர் கூட இருந்தால், அல்லது வேலையே ஜெபல் அலிக்கு அப்பால் பஸ் போகாத சைட்டில் என்றால், தயங்காமல் வாங்குங்கள். அதற்குள் இரண்டு வருஷச் சேமிப்பு கையில் இருக்கும். நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியாகப் பாருங்கள். பணம் தரும் முன் வண்டியை டெஸ்டிங் சென்டரில் காட்டி முழுச் சோதனை ரிப்போர்ட் வாங்குங்கள். அதன் மேல் பழைய ஓனரின் அபராதமோ பேங்க் கடனோ நிற்கிறதா என்று பார்த்து, முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்து, உங்கள் பெயருக்கு மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.