தளர்ச்சி என்கிற சொல்

பஸ் நிலையத்து மூத்திரச் சுவரில்தான் அந்தச் சொல்லை முதலில் படித்தேன். நரம்புத் தளர்ச்சி. கீழே ஊர்ப் பெயர்களும் தேதிகளும், எந்த லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்பதும். பிற்பாடு பத்திரிகைகளின் பின்பக்கங்களில் அதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: ஆண்மைக் குறைவு. படிமமா உருவகமா என்று ஒரு நண்பரோடு சண்டை போட்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தவன் நான். இந்த இரண்டு சொற்களை ஒருமுறைகூட விசாரித்ததில்லை. 56 வயதில் அவை என்னைக் குறிக்க ஆரம்பித்தபோதும் விசாரிக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

ஆசை இருந்தது. உடம்பு கேட்கவில்லை. முதலில் எப்போதாவது, பிறகு எப்போதுமே. இரவில் கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு, அவள் தூங்கிய பிறகு எழுந்து போகலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். அந்த இரண்டு வருஷத்தில் மூன்று நீண்ட விமர்சனக் கட்டுரைகள் எழுதினேன். இப்போது படித்தால் அவற்றில் தேவைக்கு மீறிய கடுமை தெரிகிறது. எந்தக் கவிஞர் மேலும் எனக்கு அவ்வளவு கோபம் இருந்திருக்க நியாயமில்லை.

பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதிக்குப் பார்க்கும் டாக்டரிடம் சொல்லவில்லை. வெளியூர் லாட்ஜ் ஒன்றுக்குத்தான் போனேன். அங்கிருந்தவர் நாடியைப் பிடித்துக்கொண்டு, “சின்ன வயசுல கெட்ட பழக்கம் உண்டா?” என்றார். யாருக்கு இல்லை? ஆனால் குற்றவாளி போலத் தலையசைத்தேன். 48 நாளைக்கு லேகியம். ஒரு மண்டலம் முடிந்தது, பணமும் முடிந்தது.

கடைசியில் டாக்டரிடம் சொன்னேன். என் மகன் வயது அவருக்கு. முகம் மாறாமல் கேட்டார்: “காலையில எழுந்திருக்கும்போது எப்படி இருக்கு சார்?” அப்போதும் இல்லை என்றேன். “மாடி ஏறினா நெஞ்சு பிடிக்குதா?” எப்போதாவது என்றேன். இதை ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. காகிதத்தில் இரண்டு குழாய்கள் வரைந்தார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் விட்டம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். ஆண்குறிக்குப் போவது ஒன்று அல்லது இரண்டு. இரண்டும் ஒரே மாதிரி கெடும்போது எது முதலில் தெரியும்? டிரெட்மில் சோதனைக்கு அனுப்பினார். பிறகு ஆஞ்சியோகிராம். இரண்டு இடத்தில் அடைப்பு. “உங்க உடம்பு ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிடுச்சு சார்” என்றார்.

சொல்லியிருக்கிறது. எனக்குக் கேட்டது வேறு. ஆண்மைக் குறைவு என்று ஒரு தீர்ப்பு. தீர்ப்பைக் கேட்டவன் ஒளிந்துகொள்வான், டாக்டரிடம் போகமாட்டான்.

மற்றச் சொல் இன்னும் விபரீதமானது. குறியின் உள்ளே இருக்கும் தசைகள் சாதாரணமாக இறுகியே இருக்கின்றன. அதனால்தான் ரத்தம் குறைவாக வருகிறது. கிளர்ச்சி ஏற்படும்போது நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிடுகின்றன. தசை தளர்கிறது. தளர்ந்தால்தான் ரத்தம் நிறையும். நிறைந்த ரத்தம் வெளியேறும் சிரைகளை அழுத்தி மூடும். விறைப்பு என்பதே ஒரு தளர்ச்சி. பயம் வந்தால் தசை மறுபடி இறுகுகிறது. ஒரு தலைமுறை ஆண்களுக்குத் தளர்ச்சி என்கிற சொல்லைக் காட்டியே பயமுறுத்தியிருக்கிறோம்.

ஆங்கிலத்திலும் ‘இம்பொடென்ஸ்’ என்றுதான் வழங்கிவந்தார்கள். 1992இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு அதைக் கைவிட்டு ‘எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்’ என்று சொல்லப் பரிந்துரைத்தது. விறைப்புக் கோளாறு, அவ்வளவுதான். மனிதன் மேலிருந்த பழி உறுப்பின் வேலைக்கு இடம் மாறியது. ஸ்டெந்தாலின் ‘ஆர்மான்ஸ்’ நாவலில் (1827) நாயகனின் ரகசியம் கடைசிவரை பெயர் சொல்லப்படுவதில்லை. அது ஒரு கலைஞனின் மௌனம். நம்முடையது மௌனம்கூட இல்லை. சுவர் முழுக்க எழுதிவைத்த பொய்.

கூச்சத்தை உடைக்க ஒருவர் ரொம்ப தூரம் போனார். பிரிட்டிஷ் உடலியலாளர் கைல்ஸ் பிரிண்ட்லி, 1983இல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரியல் மாநாட்டில், தனக்குத்தானே மருந்தை ஊசி போட்டுக்கொண்டு வந்து, சபையின் முன் கால்சட்டையை இறக்கி விளைவைக் காட்டினார். மேடையில் நிற்கும் பயத்தை மீறித் தசையைத் தளர்த்த ஒரு ரசாயனத்தால் முடியும் என்பது அங்கேயே நிரூபணமாயிற்று.

1998இல் வயாகரா வந்தது. அந்தச் சில்டெனாஃபில் முதலில் இதயவலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்து. அது ஆசையை உண்டாக்குவதில்லை. ஆசை தொடங்கிவைத்த தளர்ச்சியைக் கொஞ்சம் நீடிக்கவைக்கிறது. எனக்கு அது கிடையாது. நெஞ்சுவலிக்கு நான் சாப்பிடும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக விழுந்துவிடும். மூலிகை என்று விற்கும் பொருள்களில் இதே மருந்தை ரகசியமாகக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. என் லேகியத்தில் என்ன இருந்ததோ, இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சிகரெட்டை விட்டேன். நடக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காற்றை உறிஞ்சி ரத்தத்தை வரவழைக்கும் குழாய் ஒன்றை டாக்டர் சொன்னார். பிரிண்ட்லியின் வழியில் ஊசியும் உண்டு. எதுவானாலும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அன்றிரவு கூடத்து விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜ், லேகியம், அடைப்பு. நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு வயசாயிடுச்சு, அதான் உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள்.

இரண்டு வருஷம். இந்தச் சொற்களுக்கு அவளும் விலை கொடுத்திருக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

குழாய் வந்தபோது எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்ப்பு மாதிரில்ல இருக்கு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது.