வாய் மூடியிருந்த கப்பல் பேசுது... கேட்குதா?

ஹாஸ்டல்ல ஒரு நாள் நெட் கட் ஆனா என்ன ஆகும்? பாதி உயிர் போன மாதிரி இருக்கும்ல? ஆனா கேபிளும் இல்லாம, டவரும் இல்லாம, ஒரு ரேடியோ பெட்டி, மொட்டை மாடியில கட்டின ஒரு கம்பி... இதை மட்டும் வெச்சு உலகத்தோட அந்தக் கோடியில இருக்கிறவங்ககூட அரட்டை அடிக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. பேர் ஹாம். அடியேனும் அதுல ஒருத்தன்!

எங்களுக்கு ஜூன் மாதத் தொடக்கத்துல ஒரு திருவிழா வரும். மியூசியம் ஷிப்ஸ் வீக்கெண்ட்! மியூசியமா மாறிட்ட பழைய கப்பல்கள்ல ஹாம்கள் ஏறி உட்கார்ந்து, 'சிக்யூ... சிக்யூ...'ன்னு உலகத்தையே கூப்பிடுவாங்க. 'யாராவது பேச வர்றீங்களா?'ன்னு அர்த்தம். 15 கப்பல்களைப் பிடிச்சிட்டா சர்டிஃபிகேட்கூட உண்டு.

பீரங்கி வெச்ச போர்க்கப்பல்களுக்குத்தான் அங்கே மவுசு. எனக்குப் பிடிச்சதோ ஒரு மூட்டை தூக்கி! சான்ஃபிரான்சிஸ்கோவுல நிக்கிற சரக்குக் கப்பல், ஜெரமையா ஓ'பிரையன்.

இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடிச்சுக்கிட்டே இருந்தப்ப, அதைவிட வேகமா கப்பல் கட்ட அமெரிக்கா இறங்குச்சு. 'லிபர்ட்டி' ரகத்துல மட்டும் 2,710 கப்பல்கள். ஆணி அடிச்சு இணைக்காம, வெல்டிங் வெச்சு ஒட்டி, சரசரன்னு இறக்கினாங்க. வெல்டிங் பண்ணினவங்கள்ல ஏகப்பட்ட பெண்கள்! அதுல ஒண்ணுதான் 1943-ல தண்ணியில இறங்கின ஓ'பிரையன். வேகம் 11 நாட். நம்ம டவுன் பஸ்ஸே முந்திடும். ஆனா இந்தியா வரைக்கும் சரக்கோட வந்திருக்கு. 1944-ல நார்மண்டி கடற்கரைக்கு ஆளும் பொருளும் சுமந்துக்கிட்டு 11 தடவை போயிருக்கு.

இப்ப மேட்டருக்கு வர்றேன். அந்தக் கப்பல்லயும் ரேடியோ ரூம் உண்டு, ஆபரேட்டர் உண்டு. ஆனா நடுக்கடல்ல அவர் வாயைத் திறக்கக் கூடாது! சிக்னல் கொடுத்தா, அது எந்தத் திசையில இருந்து வருதுன்னு எதிரி மோப்பம் பிடிச்சிடுவான். அதனால ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கேட்கிறது மட்டும்தான் வேலை. நீர்மூழ்கி தாக்கினா மட்டும் 'எஸ்' எழுத்தை நாலு தடவை மோர்ஸ்ல தட்டணும். பல ஆபரேட்டர்கள் கடைசியா தட்டினது அதுவாத்தான் இருக்கும்.

அதே போர்க்காலத்துல அமெரிக்க ஹாம்களுக்கும் தடை. 1941 டிசம்பர்ல மூடின வாயை 1945-லதான் திறக்க முடிஞ்சது. ஆக, கப்பலும் ஊமை, ஹாமும் ஊமை. இன்னைக்கு அந்த ரெண்டு பேரும் சேர்ந்து, 'நாங்க இங்கே இருக்கோம்'னு ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுறாங்க. இதைவிட அழகான பழிவாங்கல் இருக்கா, சொல்லுங்க!

'ஒரு பழைய இரும்புக்கு எதுக்கு இவ்வளவு அலட்டல்?'னு கேட்பீங்க. அதை ஓட்டினவங்க யூனிஃபார்ம் போட்ட ராணுவ வீரர்கள் இல்லை, சரக்குக் கப்பல் தொழிலாளிகள். ஆயிரக்கணக்குல கடலோட போனாங்க. ஆனா அமெரிக்காவுல அவங்களுக்கு 'போர் வீரர்'ங்கிற அந்தஸ்து கிடைச்சது 1988-லதான். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள்ல அடுப்பெரிச்சு, கரி அள்ளி, மூழ்கிப்போன நம்ம இந்திய மாலுமிகளை எத்தனை பேருக்குத் தெரியும்? மெடல் வாங்காதவங்க பேரை யாராவது ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருக்கணும் பாஸ்.

ஓ'பிரையன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 33 வருஷம் துருப்பிடிச்சு நின்னதை 1979-ல எழுப்பினப்ப, தன் சொந்த நீராவி எஞ்சின்லயே கிளம்பி வந்துச்சு. 1994-ல, 50 வருஷம் கழிச்சு, நார்மண்டிக்கே திரும்பிப் போச்சு. ஓட்டினவங்கள்ல பலர் தலை நரைச்ச அந்தக் காலத்து மாலுமிகள்!

அதோட சிக்னல் எனக்கு இதுவரை சிக்கலை. சுமார் 14,000 கிலோமீட்டர், வானத்துல பட்டுப் பட்டுத் தெறிச்சு வரணும். சூரியன் மனசு வைக்கணும். ஆனா இரைச்சலுக்கு நடுவுல காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறப்பதான், அன்னைக்கு அந்த ஆபரேட்டர் எப்படி உட்கார்ந்திருப்பார்னு புரியுது.

நீங்களும் வரலாம். மத்திய அரசோட தேர்வை எழுதி பாஸ் பண்ணி, லைசென்ஸ் வாங்கணும், அவ்வளவுதான். அடுத்த ஜூன்ல யார் முதல்ல ஓ'பிரையனைப் பிடிக்கிறோம்னு பார்த்துடலாமா?