வாயில்லா ஜீவன்களின் வைத்தியக் கணக்கு

சித்திரை 23

வேப்பேரியில் 1903ஆம் வருஷம் முதல் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வராந்தாவில் அரைமணி நேரம் உட்கார்ந்து, வரிசையில் முன்னால் இருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லுவதைக் காதில் வாங்குகிற எவருக்கும் ஒரு விஷயம் விளங்காமற் போகாது, நாயும் பூனையும் தம் உபாதையை வாய்விட்டுச் சொல்ல இயலாதபடியால், அவற்றின் பொருட்டுச் சாட்சி சொல்ல வந்தவர்கள் நாமாக இருக்க, "எத்தனை நாளா சாப்பிடலை?" என்னும் சாமானியக் கேள்விக்கே வீட்டுக்காரர் "ரெண்டு நாள் இருக்கும்" என்பார், வீட்டு அம்மாள் "இல்லீங்க, போன வெள்ளிக்கிழமையே மூஞ்சியத் திருப்பிக்கிச்சு" என்பாள். நம் வீட்டுப் பிராணிகளைப் பார்க்கும் டாக்டரம்மாள் இப்படிப்பட்ட சாட்சியங்களில் வெகுவாகச் சலித்தவர். "நீங்கதான் எழுதறவராச்சே சார், இதையும் ஒரு நோட்டுல எழுதி வையுங்க, தீனி, தண்ணி, மலம், மூத்திரம், நடை, அஞ்சும் போதும்" என்று அவர் சொன்னதன் பலன் இக்குறிப்பேடு. வீரன் என்னும் நாட்டு நாயும், முத்து என்னும் செவலைக் கடுவன் பூனையும் இதன் நாயகர்கள். அக்கம்பக்கத்து ஜீவன்களும் இடையிடையே பிரவேசிக்கக்கூடும்.

முதற்பிரவேசம் எதிர்வீட்டு 'பக்' ஜாதி நாயினுடையது. கத்திரி வெயில் பிறந்தது தெரிந்தும் மாலை நாலு மணிக்கே அதைத் தார்ச்சாலையில் நடத்திக்கொண்டு போனார்கள். தெருமுனை திரும்புவதற்குள் நாக்கு நீலம் பாரித்து, எச்சில் நூலாக ஒழுகச் சாய்ந்துவிட்டது. நாய்க்குப் பாதங்களைத் தவிர மற்ற இடங்களில் வேர்வை என்பது பெயருக்குத்தான். உடம்பின் சூட்டையெல்லாம் மூச்சு இரைத்தே வெளியேற்றவேண்டியிருக்க, மூக்கு உள்ளே அமுங்கிய ஜாதிகளுக்கு அந்த வழியும் குறுகல். 101 முதல் 102.5 டிகிரி வரை அதற்குச் சுகமான வெப்பம். 106ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நல்லவேளையாக, ஐஸுக்காகக் கடைக்கு ஓடிக் காலத்தைப் போக்காமல், வாசற்குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் விட்டு, விசிறிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினோம். பிழைத்தது.

வைகாசி 18

வீரன் நேற்று முதல் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு விலகுகிறான். இன்று காலை அவன் படுத்திருந்த சாக்கின்மேல் ரத்தம் சொட்டியிருந்தது. மூக்கின் இடது துவாரத்திலிருந்து வந்திருக்கிறது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துக் கிடந்தது. அடிவயிற்றின் மயிரற்ற தோலில், குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள்.

டாக்டரம்மாள் மூக்கைத் தொடவில்லை. நேரே காதை மடக்கிப் பார்த்தார், பின்பு கால்விரல்களின் இடுக்கைப் பிரித்தார். அங்கே, ரத்தம் குடித்து ஊதிச் சாம்பல் நிறமாகிய உண்ணிகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்ததில், உறைவதற்கு வேண்டிய தட்டணுக்கள் மிகவும் குறைந்துபோயிருந்தபடியால், ஊரார் உண்ணிக் காய்ச்சல் என்றும் சாஸ்திரத்தார் எர்லிக்கியா என்றும் சொல்லும் வியாதிதான் என்று நிச்சயித்தார். உண்ணி ரத்தம் உறிஞ்சும்போது அதன் எச்சிலோடு நுழைகிற இந்த நுண்கிருமி வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. இதன் தாயாதி போன்ற பேபீசியா சிவப்பணுக்களை உடைத்து, சிறுநீரைக் காப்பி நிறமாக்குகிறது. முன்னதற்கு டாக்ஸிசைக்ளின் என்னும் மாத்திரை 28 நாள், உணவோடு. மருந்து தொடங்கிய ஓரிரு தினங்களில் நாய் துள்ளி விளையாட ஆரம்பித்துவிடுமாகையால், "குணமாயிட்டுது" என்று ஜனங்கள் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்றும், உடம்பில் பதுங்கியிருந்த கிருமி மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையையே வற்றவைத்துக்கொண்டு திரும்பினால் தம்மால் செய்யக்கூடியது சொற்பம் என்றும் அவர் சொன்னார்.

மாலையில் உண்ணி வேட்டை. நாய்மேல் தென்படுகிறவை சைன்னியத்தில் ஒரு சிறு பகுதியே. மிச்சமெல்லாம் சுவர் விரிசலிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கின்றன. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதை எண்ணுமிடத்து, மாதந்தோறும் நாய்க்கு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், சுவரையும் பூசவேண்டும் என்பதே கணக்கு. கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். விரல்களுக்கிடையே உண்ணியை நசுக்குவது என் மனைவிக்குப் பிரியமான காரியம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் தெரிவித்தேன். "ரொம்பத்தான்" என்றாள்.

ஆடி 9

ஆடித் தள்ளுபடியில் நாய்க்குட்டிகளும் விற்கப்படுகின்றன போலும். மூன்றாம் வீட்டுப் பையன் பேரம் பேசி வாங்கிவந்த லாப்ரடார் குட்டி இரவெல்லாம் வாந்தியெடுத்து, இன்று ரத்தமாகக் கழிகிறது. அந்த வாடையை ஒருமுறை அறிந்தவர்கள் படியேறும்போதே பெயரைச் சொல்லிவிடுவார்கள். பார்வோ. 1978ஆம் வருஷத்துக்கு முன் நாய்களுக்கு இப்படியொரு வியாதி உண்டென்றே உலகம் அறியாது. பூனைகளைக் கொல்லும் ஒரு பழைய கிருமிக்கு உறவான இது, தோன்றிய சில மாதங்களுக்குள் கண்டம் விட்டுக் கண்டம் பரவிவிட்டது.

பார்வோவைக் கொல்ல நேரான மருந்து கையில் இல்லாதபடியால், வைத்தியம் என்பது குட்டி இழக்கிற நீரையும் உப்பையும் டிரிப்ஸ் வழியாகத் திருப்பிக் கொடுத்து, புண்ணான குடலின் வழியே மற்றக் கிருமிகள் ரத்தத்தில் ஏறாதபடி தடுத்து, அதன் உடம்பே போராடி ஜயிக்கும்வரை உயிரைப் பிடித்துவைப்பதுதான். தடுப்பூசி போட்டதாக விற்றவன் சொன்னானாம், சீட்டு இல்லை. போட்டிருந்தாலும் ஒன்று போதாது என்பதன் காரணம் சுவாரசியமானது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை, அதுவே தடுப்பூசியையும் பகைவன் என்று எண்ணி அழித்துவிடும். அது எந்த வாரத்தில் வற்றும் என்று ஒவ்வொரு குட்டிக்கும் கணித்துச் சொல்ல முடியாதாகையால், ஆறெட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறை, பதினாறு வாரம் ஆகிறவரையில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இதை வியாபார தந்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்த மாடிவீட்டு நண்பர் இன்று மௌனமாகக் கேட்டுக்கொண்டார்.

தெருமுனை டீக்கடைக்கு எதிரில் திரியும் பெட்டை நாய்க்குச் சொறி முற்றி, முதுகெல்லாம் மயிர் உதிர்ந்து யானைத்தோலாகிவிட்டது. கடைக்காரர் கையில் துணிச் சுருளும் டப்பாவும். "வேஸ்ட் ஆயில் சார், மெக்கானிக் ஷெட்டுல வாங்கியாந்தேன். ரெண்டு தடவை தடவினா ஓடிடும்" என்றார். சொறியை உண்டாக்கும் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி வசிக்கிறது. எண்ணெயோ தோலை வேகவைப்பதோடு, நாய் நக்குவதனால் ஈரலுக்கும் போய்ச் சேருகிறது. அவருடைய கருணையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. டப்பாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆவணி 27

இரவு பதினொரு மணி. எழுதக் கை ஓடவில்லையாயினும் எழுதிவிடுகிறேன்.

முத்து காலை முதல் மணல்தட்டுக்கும் குளியலறை மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தான். தட்டில் குந்துவான், முக்குவான், ஒன்றும் வராது, இறங்குவான், மறுபடி குந்துவான். மலச்சிக்கல் என்று தீர்மானித்து, என் மனைவி விளக்கெண்ணெயைச் சுடவைத்துவிட்டாள். எனக்கு நோட்டுப் புத்தகத்தின் நினைவு வந்தது; புரட்டிப் பார்த்தால், மலம் நேற்று மாலை சரியாகவே கழிந்திருக்க, மணலில் ஈரக்கட்டி நேற்றுக் காலைக்குப்பின் இல்லை. மத்தியானம் ஒரு குரல் கொடுத்தான்; முத்து அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

டாக்டரம்மாள் மேஜைமேல் அவனை நிறுத்தி, அடிவயிற்றை இரு விரல்களால் மெதுவாகப் பற்றினார். பின்பு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். சாத்துக்குடிப் பழத்தைத் தோலுக்கடியில் தொட்டாற்போல் இறுகியிருந்தது மூத்திரப் பை. கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகலாகையால், மணல் போன்ற உப்புத்துகளும் கோழையும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. வெளியேறவேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், ஓரிரு நாளில் இருதயத்தை நிறுத்திவிடும். விளக்கெண்ணெயைப் புகட்டி நாளைக் காலை பார்ப்போம் என்று படுத்திருந்தால், பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. மயக்கமருந்து கொடுத்து, நூல் போன்ற கதீட்டரைச் செலுத்தி, நீரைப் பீச்சிப் பீச்சி அடைப்பைத் தள்ளினார். முதலில் வந்தது சிறுநீரென்று சொல்ல முடியாது, ரத்தம் கலந்த சேறு. குழாய் இரண்டொரு நாள் உள்ளேயே இருக்கவேண்டுமாதலால் அவனை அங்கேயே விட்டுவந்திருக்கிறோம்.

வீட்டுப்பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் அதிகம் எடுக்காத, இரையின் ஈரத்திலேயே ஜீவிக்கிற ஸ்வபாவத்தை அது விட்டுச்சென்றிருக்க, நாமோ உலர்ந்த பொட்டலத் தீனியைக் கொட்டி, ஒரு கிண்ணத்தில் நீரையும் வைத்துக் கடமை தீர்ந்ததாக எண்ணுகிறோம். இனி வேகவைத்த மீனும் கோழியும் சாற்றோடு ஒரு பங்காவது இருக்கவேண்டுமாம். தண்ணீர்க் கிண்ணங்கள் சோற்றுத்தட்டுக்கு விலகி, வீட்டில் பல இடங்களில்.

புரட்டாசி 12

செப்டம்பர் 28, 1895இல் பாஸ்டர் காலமான தினமாதலால் இதை வெறிநோய்த் தடுப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். வீரனுக்கு வருஷாந்தர ஊசி போட்டாயிற்று. காம்பவுண்டர் தெரிவித்த செய்தி ஒன்று மனத்தை விட்டு அகல மறுக்கிறது. தெருநாய் பிறாண்டிய குழந்தையின் காலில் பாட்டி மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வந்தாளாம். 1885இல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் ஊசி போட்டு, 1907இல் நம் குன்னூரிலேயே அவர் பெயரால் நிலையம் ஏற்பட்டும், இந்தச் சுண்ணாம்பு நம்மை விட்டபாடில்லை. ஓடுகிற குழாய்த்தண்ணீரில், சோப்புப் போட்டு, பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவவேண்டும். பிறகு தாமதமின்றி ஆஸ்பத்திரி. நோய்க்குறி கண்டபின் இந்த வியாதிக்குச் சிகிச்சை கிடையாது என்றே சொல்லிவிடலாம்.

ஐப்பசி 20

அடைமழை. எலி மூத்திரம் கலந்த தேங்குநீரில் நாய்கள் வாய் வைப்பதால் எலிக்காய்ச்சல் வருகிற காலம் இது. கண்ணின் வெள்ளை மஞ்சளித்தால் நாயைத் தொட்ட கையையும் கழுவிக்கொள்ள வேண்டும், நமக்கும் ஒட்டும்.

மாடிவீட்டு அம்மாள் மழையில் நனைந்து சூடு கண்ட தன் பூனைக்குப் பாராசிட்டமாலில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் முகம் வீங்கி, ஈறு பழுப்பேறி, மூச்சுக்குத் தவிக்கிறது. நம் ஈரல் எளிதில் கரைத்து அனுப்பிவிடும் அந்த மருந்தைக் கையாளும் நொதி பூனைக்கு அநேகமாக இல்லாதபடியால், அது விஷமாகித் தங்கி, பிராணவாயுவைச் சுமக்க இயலாதபடி ரத்தத்தைக் கெடுத்துவிடுகிறது. மாற்றுமருந்து உண்டு, அசிட்டைல் சிஸ்டீன். நேரத்தோடு போனதால் கிடைத்தது. நாய்க்கு விற்கும் உண்ணிச் சொட்டுமருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவையும் பூனைக்கு இப்படியே எமன். பூனையைச் சிறிய நாயாகவும், நாயைச் சிறிய மனிதனாகவும் பாவிக்கிற நம்முடைய பிரியத்தைக் காட்டிலும் அபாயகரமான பிணி எதையும் இந்த வருஷத்தில் நான் காணவில்லை என்பது என் அபிப்பிராயம். அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தபடியால் இதை அவளிடம் சொல்லவில்லை.

கார்த்திகை 8

வீரனின் காதுக்குப் பின்னால் சண்டையில் பட்ட கீறல். மேலுக்கு ஒரு துவாரம்தான். ஆனால் தலையைச் சாய்த்தே வைத்திருந்தான், ஈ மொய்த்தது. டாக்டரம்மாள் சுற்றியுள்ள மயிரை மழித்து, டர்பன்டைன் நனைத்த பஞ்சை வைத்ததும், வெள்ளைப் புழுக்கள் மூச்சுக்குத் தவித்து ஒவ்வொன்றாகத் தலை நீட்ட, இடுக்கியால் பொறுக்கிப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார். மழைக்காலத்து ஈக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதுமாம். பூனைக்கு டர்பன்டைன் கூடாது என்று, நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

மார்கழி 14

டீக்கடைப் பெட்டை நாய்க்கு ஆடி கடைசியில் டாக்டர் தந்த மெல்லும் மாத்திரையைக் கோழித்துண்டில் பொதிந்து கொடுத்தோம். மாதங்கள் கழித்து மறுமுறையும் கொடுத்தாயிற்று. இன்று பார்த்தால் முதுகெல்லாம் பழுப்பு மயிர் அடர்ந்து, வேற்று நாயோ என்று ஐயுறும்படி இருக்கிறது. கடைக்காரர் வாடிக்கைக்காரர் ஒருவரிடம் அதைச் சுட்டிக்காட்டி, "சொறி புடிச்சு சாகக் கெடந்துச்சு அண்ணே, வேஸ்ட் ஆயில்தான் தடவினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பரணில் இருக்கும் டப்பாவை நாளைக்கு மெக்கானிக் ஷெட்டிலேயே கொடுத்துவிடவேண்டும்.