பத்திரமாக இருந்த அட்டை

போன மாதம் சிதம்பரத்தில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். பு.முட்லூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இருட்டுக்குள்ளிருந்து ஒரு லாரியின் முதுகு திடீரென்று கண்முன் வந்தது. ஓடுகிற லாரி இல்லை, நிற்கிற லாரி. பின்விளக்கு எரியவில்லை, சிவப்பு முக்கோணமும் வைக்கவில்லை. வண்டியை ஒடித்துத் தப்பினேன். பக்கக் கண்ணாடி மட்டும் போனது. புதிதாக மாட்ட 180 ரூபாய். அதிலிருந்து எந்த லாரியைப் பார்த்தாலும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

லாரித் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் பழைய கதைங்க. இப்ப எல்லாமே ஆன்லைன். பேப்பர் சரியில்லேன்னா வண்டி செட்டை விட்டு நகராது. டிரைவருக்கு ட்ரெயினிங், ரீஃப்ளெக்டர், ஸ்பீடு கவர்னர், எல்லாம் கட்டாயம்" என்றார். கட்டாயம் என்றால் கண்ணில் பட வேண்டுமே என்று ஒரு மார்கழி விடியற்காலை கிளம்பினேன்.

முதலில் போனது அன்னங்கோயில் மீன் இறங்குதளம். பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவைத் தாண்டிக் கடல் பக்கம் போக வேண்டும். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஐஸ் உடைக்கும் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. மத்தி நிரம்பிய பிளாஸ்டிக் பெட்டிகளை இரண்டு பேர் தூக்கித் தூக்கிக் கொடுக்க, மேலே நின்றவர் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு ஐஸ் என்று நிரப்பிக்கொண்டிருந்தார். வண்டி கேரளாவுக்குப் போகிறதாம். அடியிலிருந்து உப்புத்தண்ணீர் கோடாக வடிந்து சாலைக்கு ஓடியது. பைக்காரர்கள் அந்த ஈரத்தைப் பார்த்ததும் தானாகவே காலை ஊன்றி மெதுவாகத் தாண்டினார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். விழுந்து பழகியதுதான்.

செல்போன் டார்ச்சை எடுத்து வண்டியின் பின்னால் அடித்தேன். சரக்கு லாரிக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும். சிவப்புப் பட்டை இருந்தது. ஆனால் வெளிச்சம் திரும்பி வரவில்லை. நல்ல பட்டை என்றால் டார்ச் பட்டதும் பூனைக்கண் மாதிரி பளிச்சென்று எரியும். இது சாதாரண சிவப்பு ஸ்டிக்கர், பகலுக்கு மட்டும் சிவப்பு. இடது பக்கப் பின்விளக்கின் பல்பு ஹோல்டர் துருவேறி உதிர்ந்திருந்தது. ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

"உப்புத்தண்ணி சார், மூணு மாசத்துல தின்னுடும்" என்றார் டிரைவர்.

"எஃப்.சி.க்குப் போகும்போது?"

"அன்னிக்கு எல்லாம் எரியும்" என்று சிரித்தார்.

வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ், அதற்கு மேல் வருடா வருடம். அவர் சொல்கிற கணக்கில் ஹோல்டரின் ஆயுசு மூன்று மாதம். நடுவில் உள்ள மாதங்களுக்குக் கறுப்பு டேப்.

அங்கிருந்து பு.முட்லூருக்கு ஏழெட்டு கிலோமீட்டர். பனி இறங்கியிருந்ததால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்கு வந்ததும் உலகம் மாறிவிடுகிறது. கொத்தட்டையில் சுங்கச்சாவடி வந்த பிறகு, அதை ஒட்டியும் முட்லூர் பக்கமும் ஓரம் கட்டி நிற்கும் லாரிகள் எனக்குக் கூடியதாகத்தான் தெரிகிறது. ஒரு டீக்கடை முன்னால் வரிசையாக நின்றவற்றை எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் டார்ச் அடித்தேன். நான்கில் பட்டை நன்றாக ஒளிர்ந்தது. மூன்றில் சேறு மூடியிருந்தது, கையால் துடைத்தால் ஒளிர்ந்தது. மற்றதெல்லாம் மீன் வண்டி ஜாதிதான். டீக்கடைக்காரர் என்னை ஏதோ பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நினைத்திருக்க வேண்டும். டீயைச் சர்க்கரை தூக்கலாகப் போட்டு நீட்டினார். 12 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் நின்றது டேங்கர், டி.என். 31 பதிவு. பக்கவாட்டில் புதிதாக எழுதிய ஆரஞ்சுப் பலகை. அதில் 2ஆர் என்ற குறியீடும் 1824 என்ற எண்ணும் இருந்தன. பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் ஒரு படம்: இரண்டு கண்ணாடிக் குழாய்களிலிருந்து சொட்டு விழுகிறது. ஒரு சொட்டு உலோகத் தகட்டை அரிக்கிறது, இன்னொன்று மனிதனின் கையை. படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற படம். 1824 என்பது ஐ.நா. எண். அந்தப் பட்டியலில் டீசலுக்கு 1202, பெட்ரோலுக்கு 1203, காஸ்டிக் சோடா கரைசலுக்கு 1824. 2ஆர் என்பது தீயணைப்பு வீரர்களுக்கு. தண்ணீரைத் தூவலாகப் பீய்ச்சு, ரசாயனம் உள்ளே புகாத முழுக் கவச உடை போடு, சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்க வை. இரண்டே எழுத்தில் அவ்வளவு.

இந்தப் பலகை வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும், ஆக மூன்று இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பின்னால் போனேன். பலகை இருந்தது. அதன்மேல் கயிற்றுச் சுருளும் ஒரு தண்ணீர் கேனும் தொங்கின. 18 மட்டும் தெரிந்தது.

டிரைவர் கேபினிலிருந்து இறங்கினார். ஐம்பதை நெருங்குகிற வயது. கடலூர் சிப்காட்டுக்குப் போகிற லோடு. "ஆபீசா சார்?" என்றார். இல்லை அண்ணே, சும்மா பார்க்க வந்தேன் என்றதும் நம்பாமல், கேட்காமலேயே பேப்பர்களை எடுத்துக் காட்டினார். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி., புகைச் சான்றிதழ், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாக. கல்யாணப் பத்திரிகைபோல மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். பயிற்சிச் சான்றிதழும் இருந்தது. அபாயகரமான சரக்கை ஓட்டச் சாதாரண ஹெவி லைசென்ஸ் போதாது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதிப்படி மூன்று நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

"ட்ரெயினிங்ல என்ன சொல்லிக் குடுத்தாங்கண்ணே?"

"படம் போட்டாங்க. லாரி கவுந்து எரியிற படம். அப்புறம் பிரேக் பிடிச்சா எத்தனை தூரத்துல நிக்கும்னு கணக்கு. நல்லாத்தான் இருந்துச்சு. முப்பது வருசம் முன்னாடி சொல்லியிருக்கணும்" என்றார். கும்மிடிப்பூண்டியிலும் நாமக்கல்லிலும் கனரக வாகனப் பயிற்சிக்கென்றே மையங்கள் இருக்கின்றன. இவர் அந்தப் பக்கம் போனதில்லை. கிளீனராக ஏறி, ராத்திரியில் டிரைவர் தூங்கும்போது ஸ்டியரிங் பிடித்துக் கற்றவர்.

கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அவசரகால அட்டையைக் கேட்டேன். டிரைவர் அதைக் கேபினிலேயே வைத்திருக்க வேண்டும். "இருக்கு சார், பத்திரமா வெச்சிருக்கேன்" என்று தலைக்கு மேலிருந்த பெட்டியிலிருந்து எடுத்தார். லேமினேஷன் செய்து, மூலைகூட மடங்காத அட்டை. முழுக்க ஆங்கிலம். மேலே எண் பார்த்தேன். 1789.

1789 ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

"அண்ணே, இது ஆசிட் அட்டை. வண்டியில இருக்கிறது காஸ்டிக்."

அட்டையை வாங்கிப் பார்த்தார். இறங்கிப் போய்ப் பக்கவாட்டுப் பலகையைப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார். "போன மாசம் வரைக்கும் ஆசிட் வண்டி ஓட்டினேன் சார். மாறும்போது எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்தேன். இதையும் சேத்து."

"அப்ப அந்த வண்டியில?"

பதில் சொல்லாமல் செல்போனை எடுத்து யாருக்கோ அடித்தார். எடுக்கவில்லை.

தூங்கினீர்களா என்று கேட்டேன். பத்து மணிக்கே ஓரம் கட்டி நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். கண் அப்படிச் சொல்லவில்லை. டேஷ்போர்டில் எடைமேடைச் சீட்டு இருந்தது. லோடோடு எடை போட்ட நேரம் ராத்திரி 11.40. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். "இப்பத்தான் சார் படுக்கலாம்னு நிறுத்தினேன். ஒம்பது மணிக்குக் கேட்ல இருக்கணும்" என்றார். மணி அப்போது ஆறு ஐம்பது.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்த்த இடத்தை அந்தச் சட்டம் தானாகத் தொட்டதில்லை. ஒற்றை லாரி முதலாளிகள் எத்தனை பேர் என்று இந்தச் சாலையில் கேட்டால் டீக்கடைக்காரரே விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். டேங்கர் 60 கிலோமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஸ்பீடு கவர்னர் இருக்கிறது. அதன் சான்றிதழும் அந்த ஃபைலில் இருந்தது. தூங்கியதற்கு மட்டும் சான்றிதழ் இல்லை, எடைச் சீட்டு சொன்னால்தான் உண்டு.

கொஞ்ச நேரம் படுங்கள் என்றேன். "அரை மணி" என்று கேபினுக்குள் ஏறித் திரையை இழுத்துக்கொண்டார். நான் சுற்றி வந்து பின் சக்கரத்தைப் பார்த்தேன். முட்டுக் கொடுக்க மரக்கட்டை இருக்கிறது என்று சொல்லியிருந்தார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கொடுத்திருந்தது இரண்டு கருங்கல்.

அரை மணியெல்லாம் இல்லை, இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டார். முகம் கழுவினார். நான் சொல்லாமலேயே பின்னால் போய்க் கேனையும் கயிற்றையும் கழற்றி உள்ளே போட்டார். வேஸ்ட் துணியால் பலகையைத் துடைத்தார். 1824 முழுதாகத் தெரிந்தது. ஹார்ன் அடித்துக் கையசைத்து வண்டியை எடுத்தார். சிவப்புப் பட்டை பனிக்குள் கொஞ்ச தூரம் தெரிந்தது.

கல் இரண்டும் சாலையிலேயே கிடந்தன. ஒன்றைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினேன். இன்னொன்று அசையவில்லை. பின்னால் ஏதும் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன்.