ரோபோவுக்கு வைத்த பெயர்!

நம் வீடுகளில் குழந்தைக்குப் பெயர் வைப்பது சாதாரண விஷயமா? நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்து தேட வேண்டும். தாத்தா பெயர் வரவேண்டும் என்பார் ஒருவர். குலதெய்வத்தை மறக்கலாமா என்பார் இன்னொருவர். நாத்தனார் ஒரு சீட்டில் பத்துப் பெயர் எழுதிக்கொண்டு வந்து நிற்பாள். எல்லாம் முடிந்து, பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு செல்லப் பெயர் என்று ஆகும். ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்வது என்னவோ அந்தச் செல்லப் பெயர்தான்!

இரும்பும் அலுமினியமும் ஒயருமாக நிற்கிற ஒரு மிஷினுக்கும் இதே பாடுதான் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? என் பெண் மூலமாகத்தான் இந்த வேடிக்கையை நான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். நம் ஊரில் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் டீம் இருப்பது போல, இங்கே பல ஹைஸ்கூல்களில் ரோபோ செய்வதற்கென்று ஒரு டீம் இருக்கிறது. டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் ‘ஃபர்ஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் போட்டியை வடிவமைக்கத் துணை நின்றார். முதல் போட்டி 1992-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. வந்தவை 28 டீம்கள். தரையில் சோள மணிகளைக் கொட்டி அதன்மேல் ரோபோக்களை ஓட விட்டார்களாம்! இன்றோ பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான டீம்கள்.

ஒவ்வொரு ஜனவரியிலும் புது விளையாட்டு ஒன்றை அறிவிப்பார்கள். ஒரு வருஷம் பந்து எறிய வேண்டும், மறு வருஷம் பெட்டி அடுக்க வேண்டும். போன வருஷ ரோபோ இந்த வருஷத்துக்கு உதவாது. சில வாரங்களுக்குள் புதிதாக ஒன்று செய்தாக வேண்டும். செய்ததற்குப் பெயரும் வைத்தாக வேண்டும்.

டீமுக்கு ஒரு நம்பர் உண்டு. அது மாறாது, நம் இனிஷியல் மாதிரி. டீமுக்கு ஒரு பெயர் உண்டு, அது குடும்பப் பெயர் மாதிரி. மைதானத்தில் மைக்கில் கூப்பிடுவது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான். ரோபோவின் சொந்தப் பெயரோ, அதைச் செய்த பிள்ளைகள் ஒர்க் ஷாப்பில் தங்களுக்குள் கூப்பிடுவது. செல்லப் பெயர் என்று சொல்லலாமா?

அந்தப் பெயர்களில்தான் எத்தனை தினுசு! எங்கள் மிச்சிகனில் ‘கில்லர் பீஸ்’, அதாவது கொல்லும் தேனீக்கள் என்று பழைய டீம் ஒன்று உண்டு. அவர்கள் ரோபோவுக்கு எப்போதும் ‘பஸ்’ என்றுதான் பெயர். நம் டவுன் பஸ் இல்லை, தேனீ ரீங்காரமிடும் ஓசை! வருஷா வருஷம் கூடவே ஒரு எண் மட்டும் ஏறும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் வழக்கந்தானே இது?

கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்து டீம் ஒன்று, பெயர் ‘சீஸி பூஃப்ஸ்’. ஒரு கார்ட்டூனில் வரும் நொறுக்குத் தீனியின் பெயர் அது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் 2014-ல் உலகக் கோப்பையை வென்ற கூட்டணியில் இவர்களும் இருந்தார்கள்! இவர்கள் ரோபோவின் பெயர் அந்த வருஷத்து வேலையைச் சொல்லும். பந்து எறிய வேண்டிய 2014-ல் ‘பராஜ்’, சரமாரி என்று அர்த்தம். பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டிய 2015-ல் ‘டெட்லிஃப்ட்’. பளு தூக்குகிறவர்கள் குனிந்து எடையைத் தரையிலிருந்து தூக்குவார்களே, அதற்குப் பெயர் அது.

டெக்ஸாஸ் மாநிலத்து டீம் ஒன்று தன் மண்ணிலிருந்தே பெயர் எடுத்தது. 2008-ல், மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டிய விளையாட்டுக்கு ‘டம்பிள்வீட்’. காற்றில் உருண்டு ஓடும் காய்ந்த முட்செடி அது. 2010-ல் ‘ஆர்மடில்லோ’. முதுகில் ஓடு சுமக்கும் அந்த ஊர்ப் பிராணி.

இவற்றையெல்லாம் விட என் மனத்தைத் தொட்ட பெயர் ஒன்று உண்டு. ‘ஸ்டிங்கி’. நாற்றம் பிடித்தவன் என்று அர்த்தம்!

அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரம். ஏழைகள் வசிக்கும் பகுதியில் கார்ல் ஹெய்டன் என்ற ஹைஸ்கூல். அங்கே படித்த நான்கு பையன்கள், மெக்ஸிகோவிலிருந்து சின்ன வயதில் வந்தவர்கள், குடியுரிமைத் தாள்கள் இல்லாதவர்கள். 2004-ல் தண்ணீருக்கடியில் வேலை செய்யும் ரோபோக்களுக்கான போட்டிக்கு ஒன்று செய்தார்கள். பெரிய பண வசதி கிடையாது. பி.வி.சி. குழாய்களைப் பசை போட்டு ஒட்டியே உருவாக்கினார்கள். அந்தப் பசையின் நாற்றம் தாங்காமல் வைத்த பெயர்தான் ஸ்டிங்கி!

போட்டி நடக்கிற ஊருக்குப் போனபின் கருவிகள் வைத்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? கடைக்கு ஓடி, மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உபயோகிக்கும் பஞ்சுச் சுருள்களை வாங்கி வந்து பெட்டிக்குள் வைத்தார்கள். கசிந்த நீரை அது உறிஞ்சிக்கொண்டது. கல்லூரி மாணவர்களுக்கான பிரிவில் போட்டியிட்டு, எம்.ஐ.டி. டீமையும் தாண்டி முதலிடம் வந்தார்கள் அந்தப் பள்ளிப் பையன்கள். 2015-ல் இதை வைத்து ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்று சினிமாவே எடுத்தார்கள்.

யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயரா அது? உழைத்தவர்களின் மூக்கிலிருந்து வந்த பெயர்! நல்ல பெயர் வேலைக்கு முன்னால் வருவதில்லை, வேலையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது எங்கள் வீட்டிலும் நடந்தது.

என் பெண் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது, 2023 ஜனவரியில், பள்ளி டீமில் சேர்ந்தாள். கூச்ச சுபாவம். டீமில் பெண்கள் நாலே பேர். ரோபோவைச் சுற்றி மோதல் தாங்கும் மெத்தை ஒன்று கட்ட வேண்டும். பலகைமேல் நுரைக்குழாய் வைத்து, கெட்டித் துணி போர்த்தி, சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக உறை தைக்க வேண்டும். “நீ தைச்சுடேன்” என்று இவளிடம் தள்ளிவிட்டார்கள். என் தையல் மிஷினில் இரண்டு ஊசி உடைந்ததுதான் மிச்சம்!

“அம்மா, ஒர்க் ஷாப்ல நான் இருக்கறதே யாருக்கும் தெரியலை. நின்னுடட்டுமா?” என்று ஒருநாள் கேட்டாள். “இன்னும் ரெண்டு வாரம் பார், அப்புறம் உன் இஷ்டம்” என்றேன். அந்த இரண்டு வாரத்தில் ஒயர் இணைக்கக் கற்றுக்கொண்டாள்.

அவர்கள் டீமில் ஒரு பழக்கம். ரோபோ ஒருதரமாவது தானாக அசைந்தால்தான் பெயர் பேச்சை எடுப்பார்கள். போர்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அப்புறம் ஓட்டு. பெரிய பையன்கள் இடி, மின்னல், சுத்தியல் என்ற அர்த்தத்தில் பயங்கரப் பெயர்களாக எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த வருஷ வேலை, கூம்பு ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து உயரமான கம்பத்தில் மாட்டுவது. ரோபோவின் கை மெல்ல மெல்லத்தான் எழும்பியது. சங்கிலி ‘கடகட’வென்று முனகியது. பார்த்துக்கொண்டிருந்த என் பெண்ணின் வாயில் தன்னையறியாமல் தமிழ் வந்துவிட்டது. “எழுந்திரு பாட்டி, எழுந்திரு!” எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அர்த்தம் கேட்டார்கள். சொன்னாள். “எங்க வீட்டுப் பாட்டி முட்டியைப் பிடிச்சுண்டு இப்படித்தான் எழுந்துப்பா. ஆனா எழுந்துட்டா, வீட்டையே தூக்கி நிறுத்திடுவா.”

இடியும் மின்னலும் தோற்றன. ரோபோவின் பெயர் ‘பாட்டி’ என்று ஆகிவிட்டது!

துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். என் மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்னைப் பார்த்தா மிஷின் மாதிரியா இருக்கு? என் முட்டி வலியை ஊர் பூராச் சொல்லிச் சிரிக்கணுமா?” என்றவர் அன்றைக்கு இரவு ஒரு தோசையோடு எழுந்துவிட்டார். அவருக்கும்தான் வேறு என்ன இருக்கிறது? வெளியே பனி, பேச ஆள் கிடையாது. பேத்தியோ பாதி நேரம் இங்கிலீஷில் பேசுகிறாள். இவளானால் அறையில் போய் அழுகிறாள். “நாளைக்கே பேரை மாத்தச் சொல்லிடறேன்” என்கிறாள்.

நான் நடுவில் புகவில்லை. மறுநாள் காலையில் அத்தையே கூப்பிட்டார். “ஏண்டி கண்ணு, அது அப்படி என்னதான் வேலை பண்றது? காட்டு பார்க்கலாம்.”

இவள் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தார்.

“எழும்பறப்போ ஏன் இப்படி ஆடறது? பாரத்தைக் கையை நீட்டிண்டா தூக்குவா? தண்ணிக் குடத்தை இடுப்பிலே அணைச்சுண்டுதானே எழுந்துப்போம். கையை மடக்கிண்டு எழுந்துக்கட்டும், மேலே போய் நீட்டட்டும்.”

விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. பாரம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைத் தூக்க மோட்டாருக்கு அவ்வளவு சிரமம். இவள் போய்ச் சொன்னதும், அங்கே வழிகாட்டியாக இருந்த என்ஜினீயர் சிரித்துக்கொண்டே, “நாங்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம்” என்றாராம். புரோகிராமை மாற்றினார்கள். ஆட்டம் குறைந்தது. அப்புறம் அத்தையைப் பிடிக்க முடியுமா? தினமும் சாயங்காலம் வாசற்படியிலேயே விசாரணை. “என் பேர் வெச்சுண்டிருக்கே, அதுக்கு முட்டி சரியாச்சா?” பேத்தியும் உட்கார்ந்து தமிழில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் தமிழில் என்ன வார்த்தை என்று என்னைக் கேட்பாள்!

மார்ச் மாதம் போட்டி. ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ரோபோக்களைப் பழுது பார்க்கும் இடத்துக்குள் போக எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். மூக்குக் கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடியோடு, புடவை, ஸ்வெட்டர் சகிதம் போய் நின்றார் அத்தை. “நிஜப் பாட்டி வந்தாச்சு!” என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

ஒரு ஆட்டம் இரண்டரை நிமிஷந்தான். பக்கத்துக்கு மூன்று ரோபோ. இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் ரோபோவின் சங்கிலி அறுந்து கை தொங்கிவிட்டது. வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் திக்கென்றது. யார் சங்கிலி மாட்டினது என்று சண்டை வருமோ, பழி யார் தலையில் விழுமோ என்று. ஒரு உயரமான வெள்ளைக்காரப் பையன் குனிந்து அந்தத் தொங்கிய கையைத் தட்டிக் கொடுத்து, “பாட்டிக்குக் கொஞ்சம் ரெஸ்ட் வேணும்” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த நிமிஷம் ஆளுக்கு ஒரு ஸ்பானரோடு குனிந்தார்கள். என் பெண் கைப் பக்கத்து ஒயர்களைக் கழற்றிப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு ஆட்டத்தில் ஐந்தில்தான் ஜெயித்தார்கள். கடைசிச் சுற்றுக்குப் போகவில்லை. வீடு திரும்பும்போது காரில் அழுகை இல்லை. “பாட்டி நன்னா ஆடினா, இல்லியா பாட்டி?” என்றாள். “ஆடினேண்டி” என்றார் அத்தை! டீமை விட்டு நிற்கும் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெயரில்லாத மிஷின் உடைந்தால் அது யாரோ செய்த தப்பு. பெயர் வைத்த மிஷின் உடைந்தால் நம் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. திட்டத் தோன்றாது, பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய வண்டிகளுக்குப் பெயர் வைக்க நாஸா பள்ளிப் பிள்ளைகளிடந்தான் கேட்டது. 2012-ல் அங்கே இறங்கிய ‘க்யூரியாஸிட்டி’க்குப் பெயர் தந்தவள் கான்ஸாஸ் மாநிலத்து ஆறாம் வகுப்புச் சிறுமி. ஆர்வம் என்று அர்த்தம். 2020-ல் ‘பெர்ஸிவரன்ஸ்’, விடாமுயற்சி என்ற பெயரைத் தந்தவன் வர்ஜீனியாவில் ஏழாம் வகுப்புப் பையன். அதற்கு வந்தவை 28,000 கட்டுரைகள்! பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதாது, ஏன் அந்தப் பெயர் என்று கட்டுரை எழுத வேண்டும். அந்த ‘ஏன்’தான் முக்கியம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுச் சுட்டி ரோபோதான் செய்ய வேண்டுமென்பதில்லை. அட்டைப் பெட்டியில் லாரி, பழைய சைக்கிள் டயரில் வண்டி, மண்ணில் அடுப்பு என்று எதையாவது செய்துகொண்டுதான் இருக்கும். அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். “இதெல்லாம் ஒரு பேரா?” என்று திருத்தாதீர்கள், அழகான பெயராக நீங்கள் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். அடுப்பில் வேலை இருந்தாலும் ஒரு நிமிஷம் திரும்பி, “ஏண்டா இந்தப் பேரு?” என்று மட்டும் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் “ஒண்ணுமில்லே” என்கிற குழந்தைகூட, இதற்கு நிறுத்தாமல் பதில் சொல்லும்!