மண்ணில் தங்கிய பாதரசம்

எங்கள் காணையில் கிணற்று நீரைச் சுவைத்தே நிலத்தின் குணத்தைச் சொல்லிவிடுவர் முதியோர். அந்த நாவுக்கும் அகப்படாத நஞ்சு, நீரில் நுண்ணளவாய்க் கலந்த பாதரசம். அமெரிக்காவிலிருந்து 1980களில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்ததே மக்களை எழச் செய்தது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பியனுப்பப்பட்டது. மண்ணை அவ்வாறு அனுப்ப இயலுமா? ஆலையை அடுத்துச் சரிவில் இருப்பது பாம்பார்ச் சோலை. அங்குப் பெய்யும் மழை சமவெளிக்கு இறங்குகிறது. தூய்மைப்படுத்திய மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என வரம்பிட்டனர்; அது போதாதெனச் சூழலியலாளர் வாதிட்டனர். எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது. ஆயினும், வேர் பற்றிய மண்ணைத் தோண்டினால் மரங்கள் சாயும். தோண்டாவிடில் நஞ்சு தங்கும்.