கம்பி இழுத்த ஊர்

பாஸ்டன் பார்க்க வருகிறவர்களில் வூஸ்டருக்கு ரயில் ஏறுகிறவர்கள் குறைவு. மேற்கே சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று மாசசூசெட்ஸ்காரர்களே கேட்பார்கள். நான் போனது கில்ஸ்விட்ச் எங்கேஜ் என்ற மெட்டல்கோர் குழுவின் கச்சேரிக்கு. அது இரவில்தான் என்பதால் பகல் முழுவதையும் ஊருக்குக் கொடுத்தேன்.

மேடும் பள்ளமுமான ஊர். ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த மூன்றடுக்கு மரவீடுகள் சரிவுகளில் வரிசையாக நிற்கின்றன. நடுநடுவே பழைய செங்கல் ஆலைக் கட்டடங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பிக்குப் பேர்போன ஊர் இது. தந்திக் கம்பி, முள்கம்பி, பெண்களின் குடைப்பாவாடைக்குள் வைக்கும் வளையக் கம்பி எல்லாம் வாஷ்பர்ன் அண்ட் மோயன் ஆலையிலிருந்து போயின. பியானோ கம்பிக்கு இங்கிலாந்தை நம்பியிருந்த காலத்தில், 1850 வாக்கில், இக்கபாட் வாஷ்பர்ன் அதையும் இங்கேயே செய்தார். எஃகை, ஒன்றைவிட ஒன்று சிறிதான துளைகளின் வழியே இழுப்பதுதான் வேலை. நம் பொற்கொல்லர்கள் தங்கக் கம்பி இழுக்கும் முறைதான். இழுக்க இழுக்க எஃகு மெலியும், மெலிய மெலிய உறுதி கூடும். எலெக்ட்ரிக் கிட்டாரில் பூட்டுவதும் இந்த வகைக் கம்பியைத்தான்.

மதியம் வூஸ்டர் கலை அருங்காட்சியகம். எஃகுத் தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் ஆலை நடத்திய ஜான் உட்மன் ஹிக்கின்ஸ், ஐரோப்பிய வீரர்களின் கவசங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவற்றுக்கென அவர் எழுப்பிய காட்சியகம் 2013-இல் மூடப்பட்டதும், சேகரிப்பு இங்கே வந்தது. தோள்மூட்டில் தகடு தகடாக அடுக்கி, கையைத் தூக்கினால் வழிவிடும்படி செய்திருக்கிறார்கள். யுத்தத்துக்கான பொருளில் இத்தனை பொறுமையான வேலை!

இரவுக் கச்சேரி நடந்த பல்லேடியம், 1928-இல் பிளிமத் என்ற பெயரில் திறந்த பழைய தியேட்டர். கில்ஸ்விட்ச் எங்கேஜ் தங்கள் கச்சேரிப் படத்தை 2005-இல் எடுத்தது இங்கேதான். 1999-இல் இதே மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில் தொடங்கிய குழு. கிட்டத்தட்ட வீட்டுக் கச்சேரி. கிட்டாரின் தடித்த கம்பியை ஈ-யிலிருந்து சி வரை இறக்கி மீட்டுகிறார்கள். ஹெவி மெட்டலில் கம்பியைத் தளர்த்தும் இந்த வழக்கத்துக்கும் ஓர் ஆலைக் கதை உண்டு. பர்மிங்காம் தகட்டு ஆலையில் 1965-இல் விரல்நுனிகளை இழந்த கிட்டார்க்காரர் டோனி அயோமி, வலி குறைய மெல்லிய கம்பி பூட்டினார். பிறகு சுருதியையும் இறக்கினார்.

ஒலிப்பதிவில் கேட்கும்போது மெட்டல்கோரின் இனிய பல்லவிகள்தான் மனத்தில் நிற்கும். நேரில் உடம்பைப் பிடிப்பது பிரேக்டவுன். ஓடிக்கொண்டிருந்த தாளம் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கும். டிரம்மின் ஒவ்வோர் அடியும் நெஞ்செலும்பில் விழும். அதுவரை ஆளுக்கொரு பக்கம் மோதிக்கொண்டிருந்த கூட்டம் ஒரே உடம்பாகக் குனிந்து நிமிரும். அந்த நேரத்தில் ஒரு பையன் தடுக்கி விழுந்தான். அவன் எழுவதற்கு முன்பே நாலு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். மோஷ் பிட்டில் எழுதாத சட்டம் அது.

"இப்படிக் கத்துறதுக்குப் பேரு பாட்டா?" என்று கேட்பவர்கள் குழுவின் பாடகர் ஜெஸ்ஸி லீச்சைத் தெரிந்துகொள்ள வேண்டும். குரல் நாணில் 2018-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, பேச்சுப் பயிற்சி, பாட்டுப் பயிற்சி, கத்தல் பயிற்சி என்று எல்லாவற்றையும் புதிதாகப் பழகி மேடைக்குத் திரும்பியவர். மேடையில் கோமாளித்தனம் செய்யும் கிட்டார்க்காரர் ஆடம் டுட்கேவிச், பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். பல குழுக்களின் இசைத்தட்டுகளைத் தயாரித்தவர். கோபத்தைப் போல ஒலிப்பது பெரும்பகுதி பயிற்சி. பகலில் பார்த்த கவசத்தின் தோள்மூட்டு அங்கே எனக்கு விளங்கியது.

ஆலைகள் ஓய்ந்தபின் அவற்றின் ஓசை மேடை ஏறியது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் குழுவினர் வேறு ஊர்க்காரர்கள். கூட்டமும் பல ஊர்களிலிருந்து வந்தது. பாஸ்டன், பிராவிடன்ஸ், ஹார்ட்ஃபோர்ட் எதிலிருந்து கிளம்பினாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம் என்ற பூகோளம்தான் வூஸ்டருக்கு வாய்த்தது. நியூ இங்கிலாந்து மெட்டல் அண்ட் ஹார்ட்கோர் விழா 1999-இல் பல்லேடியத்தில் தொடங்கியது. அதே கட்டடத்தின் மாடியில் இன்னொரு சின்ன மேடையும் உண்டு. பெயர் தெரியாத குழுக்கள் அங்கே ஏறுகின்றன. சுருதி பிசகும், குரல் உடையும், கேட்பவர்கள் சில டஜன் பேர்தான். அறுவை சிகிச்சையைத் தாண்டியும் நிற்கிற குரல்கள் அப்படிப்பட்ட மேடைகளில்தான் உருவாகின்றன. ஓர் ஊர் இசைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, பதினேழு வயதுப் பிள்ளைகள் தப்புத்தப்பாக வாசித்துப் பழக ஒரு மேடையை இடிக்காமல் விட்டுவைப்பதுதான்.